அப்பாவைக் கரைக்கப் போன ஞாயிற்றுக்கிழமை

என் அப்பாவுக்குக் கூட்டம் என்றால் ஆகாது. மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய சந்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவம் என்றால் ஊரே எங்கள் வாசலில் வந்து நிற்கும். உறவுக்காரர்கள் மாடி இடத்துக்குச் சண்டை போடுவார்கள். அப்பா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பின்கட்டில் பேப்பர் படிப்பார். கேட்டால், "ஸ்வாமி வருஷம் பூரா இங்கதானே இருக்கார், இவாள்ளாம் போனப்புறம் பாத்துக்கறேன்" என்பார்.

பக்தர்களையாவது அவர் பொறுத்துக்கொண்டார். சில வருஷங்களாகத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வர ஆரம்பித்த கூட்டத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. பழைய தெருக்களைச் சுற்றிக் காட்டும் பாரம்பரிய நடையாம். காலையில் இருபது பேர் எங்கள் வீட்டெதிரே அரைவட்டமாக நிற்பார்கள். கோலத்தைப் படம் எடுப்பதற்காகக் கோலத்தின் மேலேயே நிற்பார்கள். கூட்டிவந்த பெண், இந்தத் தெருவாசிகள் சூரிய உதயத்துக்கு முன்பே எழுந்து குளித்து வேதம் சொல்பவர்கள் என்று விளக்கிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அப்பா பெர்முடாஸோடு பல் தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வருவார். ஒருமுறை அந்தப் பெண், "அங்கிள், ஒரே ஒரு நிமிஷம், வேஷ்டி கட்டிண்டு வந்து நிக்க முடியுமா?" என்று கேட்டே விட்டாள். வாயில் நுரையோடு அப்பா சொன்ன பதில் இன்றும் எங்கள் வீட்டில் பிரசித்தம். "நான் இன்னும் சாகலைம்மா. அதுக்குள்ள என்னை மியூசியத்துல வெச்சுட்டேளே."

அதற்கப்புறம் வீட்டை விட்டுவிட்டு அபிராமபுரத்தில் மூன்றாவது மாடிக்குக் குடிபோனோம். அங்கே எந்தக் கேமராவும் எட்டாது என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

போன மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் போய்ச் சேர்ந்தார். எண்பத்தாறு வயது, படுக்கையில் கிடக்கவில்லை, யாரையும் படுத்தவில்லை. நேரம் மட்டும் தப்பு. சங்கீத சீசன். சென்னைக்குள் உலகமே வந்து இறங்கியிருந்தது. சனிக்கிழமை தகனம் முடிந்தது. ஞாயிறு காலை சஞ்சயனம், அதாவது அஸ்தியைப் பொறுக்கிக் கடலில் கரைப்பது. கிளம்பும்போது அம்மா என் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கூட்டம் இல்லாத இடமாப் பாத்துக் கரைடா. கடைசியா ஒரு தடவையாவது நிம்மதியாப் போகட்டும்" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

காரில் நாங்கள் நான்கு பேர். அப்பாவை வழக்கமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் ஓட்டுநர், அவர் பக்கத்தில் சாஸ்திரிகள், பின்னால் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கி இன்னும் தூக்கம் தெளியாத தம்பி, நான். என் மடியில், சுடுகாட்டில் அஸ்தியைப் பொறுக்கி நிரப்பிய மண்பானை. வாயைச் சிவப்புத் துணியால் மூடி, நூலால் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு பூச்சரம் சுற்றியிருந்தது. பானை லேசாகச் சுட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் பெசன்ட் நகர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே சென்னையின் ஒரு பாதி ஓடுகிறது, மறுபாதி ஓடுவதைப் படம் எடுக்கிறது. ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு ஒரு கும்பல் ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் சிரிப்பு சங்கம். நாங்கள் பானையோடு மணலில் இறங்கிய அந்த விநாடி பார்த்து அவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு ஹா ஹா என்று சிரித்தார்கள். உடல்நலத்துக்காகத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரியும். இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தண்ணீர் ஓரத்துக்கு வந்தால், அங்கே ஒரு ஜோடிக்குக் கல்யாணத்துக்கு முந்தைய ஃபோட்டோ பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு கணுக்கால் தண்ணீரில் நின்று, பெண்ணின் பத்து முழ கவுனை ஒரு உதவியாளோடு சேர்ந்து தூக்கி வீசிக்கொண்டிருந்தார். கேமராக்காரர் எங்களிடம் ஓடி வந்தார்.

"சார், கொஞ்சம் அப்டி ஓரமாப் போயிடுங்க சார். ஃப்ரேம்ல வந்துக்கினே கீறீங்க. அந்த செவப்புத் துணி வேற கண்ணுல அடிக்குது."

தம்பி உடனே "சாரி" என்றான். அமெரிக்கா அவனைக் கெடுத்துவிட்டது. அப்பாவின் அஸ்தியை வைத்துக்கொண்டு யாரிடமாவது சாரி சொல்வதா?

ஓரமாகப் போனோம். அங்கே ஒரு வெளியூர் அம்மாள், கழுத்தில் துண்டும் கையில் செருப்புமாக, பானையைக் கண்டதும் பரவசமாகிவிட்டார். பூச்சரம், சிவப்புத் துணி, கூடவே சாஸ்திரிகள். நான் தடுப்பதற்குள் பானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எந்தக் கோயிலுங்க?" என்றார். தம்பி "அபிராமபுரம்" என்றான். அந்த அம்மாள் கண்ணை மூடி நீளமாக ஏதோ வேண்டிக்கொண்டார். என்ன வேண்டிக்கொண்டாரோ, பாவம். அப்பா யாருக்கும் எதையும் சுலபத்தில் கொடுத்தவர் இல்லை.

"இங்க ஞாயித்துக்கிழமை யாரையும் கரைக்க முடியாது மாமி" என்றார் சாஸ்திரிகள். "செவ்வாய் புதன்னா பரவாயில்லை." அப்பாவிடம் கிழமை பார்த்துப் போகச் சொல்ல எங்களுக்குத் தோன்றாமல் போய்விட்டது.

அடுத்தது திருவான்மியூர். கோயிலைப் பார்த்துவிட்டுக் கடலையும் பார்த்துவிட வேண்டும் என்று வந்த பஸ்கள் தெருமுனை வரை நின்றன. நல்லவேளையாக மணலில் ஒரு மூலை காலியாக இருந்தது. சாஸ்திரிகள் தர்ப்பையை எடுத்து மந்திரத்தைத் தொடங்கினார். தொடங்கிய சூட்டிலேயே என் பின்னால் நிழல்கள் விழுந்தன. திரும்பினால் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள், அவர்களுக்கு ஒரு வழிகாட்டி. அதே அரைவட்டம். ஆயிரக்கணக்கான வருஷங்களாக மாறாத சடங்கு இது என்று அவர் ஆங்கிலத்தில் அடித்துவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு மூதாட்டி எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். அது பரவாயில்லை. வழிகாட்டி குனிந்து சாஸ்திரிகளிடம், "சார், முதல் வரியை வீடியோல பிடிக்க முடியல. இன்னொரு தடவை சொல்வீங்களா?" என்றார்.

அந்த மனிதர் கேட்டதைக்கூட மன்னித்துவிடலாம். எங்கள் சாஸ்திரிகள் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். எங்களுக்குச் சொன்னதைவிட இரண்டு மடங்கு கணீரென்று. உச்சரிப்பு சுத்தம், நடுநடுவே கேமராவைப் பார்த்து ஒரு நிதானம் வேறு.

"மாமா, செத்துப்போனது எங்காத்துல" என்றேன்.

அவர் நிறுத்தினார். வழிகாட்டி என்னைப் பண்பாடு தெரியாதவளைப் போலப் பார்த்தார். பானையைத் தூக்கிக்கொண்டு மறுபடி காருக்கு வந்தோம். தலைக்கு மேலே யாரோ விட்ட ட்ரோன் ஒன்று கார் வரைக்கும் கூடவே வந்தது.

"இன்னா மேடம், இங்கயும் ஆவலியா?" என்றார் ஓட்டுநர். "ஐயாவ இட்டுக்கினு சுத்தறோமே. கொட்டிவாக்கம் வுடறேன், அங்க அவ்ளோவா ஆளு வராது."

கொட்டிவாக்கத்தில் நிஜமாகவே கூட்டம் இல்லை. தூரத்தில் ஓடுகிறவர்கள் சிலர், கரையோரம் ஒரு சுற்றுலா வேன், அதிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம், அவ்வளவுதான். எனக்கு உயிர் வந்தது. அம்மாவிடம் தைரியமாகப் போய் முகத்தைக் காட்டலாம் என்று நினைத்தேன்.

சாஸ்திரிகளுக்கு இப்போது அவசரம். இன்னொரு வீட்டில் காத்துக்கொண்டிருந்தார்கள், போன் அடித்தபடி இருந்தது. மந்திரத்தை வேகமாக முடித்துவிட்டுத் தம்பிக்கு வழி சொன்னார். "இடுப்பளவு ஜலத்துல போங்கோ. கடலுக்கு முதுகைக் காட்டிண்டு நின்னு, தோளுக்கு மேல பின்னால போட்டுடுங்கோ. அப்புறம் திரும்பிப் பாக்காம வந்துடணும். யார் கூப்பிட்டாலும் திரும்பப்டாது." சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். போடுவதற்கு முன் நூலை அவிழ்த்துத் துணியை எடுக்க வேண்டும் என்பதைச் சொல்ல விட்டுவிட்டார். அமெரிக்காவில் ஏரி பார்த்துப் பழகிய தம்பிக்கு வங்காள விரிகுடா முழங்காலுக்கு வந்ததுமே போதுமென்றாகிவிட்டது. முதுகைக் காட்டினான், போட்டான், வந்துவிட்டான்.

மூன்று பேரும் காரை நோக்கி நடந்தோம். திரும்பாமல்தான் நடந்தோம்.

"ஏனுங்க! ஏனுங்க, அண்ணா! அக்கா!"

"திரும்பாதீங்கோ" என்றார் சாஸ்திரிகள்.

"உங்க பானைங்க! விட்டுப்போட்டுப் போறீங்க!"

தம்பி விறைத்துக்கொண்டு நடையைக் கூட்டினான். நான் திரும்பினேன்.

வேனில் வந்த குடும்பத்தின் தலைவர். நாற்பது வயதிருக்கும். ஊருக்குப் போட்டு வந்த புதுப் பேன்ட்டும் சட்டையும் மார்பு வரை நனைந்து ஒட்டியிருந்தன. இரண்டு கையாலும் அப்பாவைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடி வந்தார். துணி அவிழவில்லை, நூல்கூடத் தளரவில்லை. பூச்சரம் மட்டும்தான் கடலுக்குப் போயிருந்தது.

"நல்லவேளை நான் பாத்தனுங்க" என்றார் மூச்சு வாங்க. "அலையில உருண்டுட்டு இருந்துச்சு. உள்ள பொருள் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா, கனமா இருக்குதே?"

அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. காலையிலிருந்து சேர்ந்ததெல்லாம் அவர் பக்கம் திரும்பியது. எதற்கெடுத்தாலும் கை வைக்கிற ஜனங்கள், ஒரு இடத்தில் ஒன்றைச் சும்மா விடத் தெரியாத ஜனங்கள்.

"எங்கப்பா இருக்கார்" என்றேன்.

அவர் முகம் மாறியது. அலறவில்லை, பானையைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கவும் இல்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க அக்கா. எங்க ஊர்ல ஆத்தோரம் வெச்சுப் பண்ணுவோம். கடல்ல எப்படின்னு எனக்குத் தெரியலீங்க" என்றார்.

இதற்குள் ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தார்கள். போன்கள் மேலே போயின. காலையிலிருந்து தேடியலைந்து கண்டுபிடித்த இடத்தில் ஐந்தே நிமிஷத்தில் அரைவட்டம் தயார். தம்பி இன்னும் காரைப் பார்த்தபடியே நின்று, "என்ன ஆச்சுக்கா? என்ன ஆச்சு?" என்று கத்திக்கொண்டிருந்தான். சாஸ்திரிகள் இதற்குத் தனியாகப் பிராயச்சித்தம் இருக்கிறது என்றார்.

நான் அந்த மனிதர் கையிலிருந்து பானையை வாங்கிக்கொண்டு கடலை நோக்கி நடந்தேன்.

"மாமி, பொம்மனாட்டிகள் இறங்கற வழக்கம் கிடையாது."

"வழக்கப்படி பண்ணினதுதான் மாமா திரும்பி வந்துடுத்து."

புடவை காலைச் சுற்றிக்கொண்டது. முதல் அலையில் தடுமாறினேன். "இழுக்குதுங்க அக்கா, தனியாப் போகாதீங்க" என்று அவரும் கூடவே இறங்கிவிட்டார். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் அவர் எனக்குப் பின்னால் கரையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். இரண்டு கையையும் அகல விரித்தார். "எடுக்காதீங்க, போனை உள்ள வைங்க" என்று கரையைப் பார்த்துச் சத்தம் போட்டார். எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரியாது. கேட்காதவர்களின் படத்தில் ஒரு வெளியூர்க்காரரின் நனைந்த சட்டைதான் விழுந்திருக்கும்.

நூல் ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து அறுத்தேன். துணியை எடுத்துவிட்டுப் பானையைத் தண்ணீரில் சாய்த்தேன். சாம்பல் ஒரேயடியாகப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. கொஞ்சம் என் விரலிடுக்கில் நின்றது, கொஞ்சம் புடவையில் ஒட்டியது. கையால் அளைந்து அளைந்து விட்டேன். வெள்ளிக்கிழமையிலிருந்து வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, காரியத்துக்கு ஆள் பேசி, எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அப்பா இல்லை என்பது அந்தத் தண்ணீரில் நின்றுதான் எனக்கு உறைத்தது. சத்தமாக அழுதேன். பின்னால் நின்றவர் திரும்பவில்லை.

பானையையும் அமுக்கி நிரப்பி விட்டேன். மூழ்கியது.

திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்று சாஸ்திரிகள் கரையிலிருந்து குரல் கொடுத்தார். நான் திரும்பவே இல்லை. அந்தச் சாம்பல் நிறம் தண்ணீரில் கலைந்து போகிறவரை அதையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்துக் கரையேறினேன்.