குப்பைமேட்டுப் பக்கத்துத் தண்ணீர்

மேற்கு மாம்பலத்தில் வாடகை ஏறிக்கொண்டே போனதால், நானும் கணவரும் அடையாறைத் தாண்டித் தெற்கே ஒரு சின்ன ஃபிளாட் வாங்கிக் குடிபோனோம். மொட்டைமாடியில் நின்றால் பழைய குப்பைமேடு தெரியும். மண் போட்டு மூடியிருந்ததில் புல் முளைத்துப் பச்சைப்பசேலென்று இருந்தது. "மலையடிவாரத்துல வீடு" என்று கணவர் போனில் எல்லோரிடமும் அளந்தார்.

குடிபோன மறுவாரம் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். டீ போட்டேன். தூளைப் போட்டதுமே தண்ணீர் மை மாதிரி கறுத்தது. பால் ஊற்றினால் சாம்பல் நிறம்.

அண்ணன் டம்ளரை எட்டிப் பார்த்தான். "இது குடிக்கவா, பேனாவுல ஊத்தவா?"

அண்ணி சிரிப்பை அடக்கமுடியாமல் பால்கனிக்கு ஓடிவிட்டாள்.

கீழ்வீட்டு மாமி மயிலாப்பூரிலிருந்து வந்தவர், பாட்டு சொல்லிக்கொடுப்பார். அவரிடம் புலம்பினேன்.

"எங்காத்துல மட்டும் என்ன வாழறது? மாமாவோட வேஷ்டியெல்லாம் காவியாயிடுத்து. சந்நியாசம் வாங்கிண்டுட்டாரான்னு பால்காரன் கேக்கறான்" என்றார்.

குடியிருப்போர் கூட்டம் போட்டோம். எங்களுக்குத் தண்ணீர் தரும் போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்கினால் சரியாகிவிடும் என்று முடிவாயிற்று. அதில் என் கணவரின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. லாரி வந்து, தெருவே அதிர இரண்டு நாள் துளைத்தார்கள். தண்ணீர் பீய்ச்சியடித்ததும் போர் போட்டவர் கையில் ஏந்திக் காட்டினார்.

"இன்னா மேடம், கண்ணாடி மாதிரி கீது பாரு!"

உண்மைதான். மாமி எல்லோருக்கும் கேசரி கிளறிக் கொடுத்தார். சாயங்காலம் பார்த்தால் வாளியில் மஞ்சள் ஆடை படர்ந்திருந்தது, துரு வாடையோடு.

எனக்கு வந்த கோபத்தில், மறுநாள் நந்தனத்தில் என் ஆபீசுக்குப் பக்கத்திலிருந்த பரிசோதனைக்கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தேன். முடிவு வந்ததும் அங்கிருந்த பெண் சொன்னார்: "குடிக்காதீங்க, சமைக்காதீங்க. கொதிக்க வெச்சாலும் இதுல இருக்கற உப்பும் இரும்பும் போகாது."

"மேட்டைத்தான் மூடிட்டாங்களே?"

"மேல மூடினா போதுமா? இத்தனை வருஷ மழை குப்பையைக் கரைச்சுக்கிட்டு ஏற்கெனவே கீழ இறங்கியாச்சே."

நானும் மாமியும் தெருவில் வீடுவீடாகப் போய்ச் சொன்னோம். பலர் குடிக்க ஏற்கெனவே கேன் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மேட்டையொட்டிய கடைசி வீட்டில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு பால்பவுடர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"போர் தண்ணியா?" என்று கேட்டேன்.

"நல்லா கொதிக்க வெச்சுத்தானேக்கா தர்றேன்" என்றாள்.

மாமி விடுவிடுவென்று வீட்டுக்குப் போய், ஒரு குடம் கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மூச்சுவாங்க வந்தார். "இதுல கலந்து குடும்மா, மிச்சத்தை அப்பறம் பேசிக்கலாம்."

அன்றிலிருந்து எங்கள் தெருப் பெண்களெல்லாம் குடிநீர் கேட்டுக் கூட்டமாக அலுவலகம் அலுவலகமாக ஏறினோம். எங்களைப் பார்த்ததுமே அதிகாரிகளுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். மாமி வராந்தாவிலேயே உட்கார்ந்து வர்ணம் பாட ஆரம்பித்துவிடுவார். முதலில் தெருமுனைக்கு லாரித் தண்ணீர் வந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் குழாயும் வந்துவிட்டது.

போர் இன்னும் ஓடுகிறது, கழிப்பறைக்கு மட்டும். கடைசி வீட்டுக் குழந்தை இப்போது மாமியிடம் பாட்டு கற்கிறாள். குரல் மூன்று மாடிக்கும் கேட்கிறது.