பீஸ் கட்டை இல்லாமல் எரிந்த பல்பு

எனக்கு மைக்கில் பேசியெல்லாம் பழக்கமில்லை, சகோதரிகளே. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அது 2002, தவக்காலம். கல்மண்டபம் ஏரியாவில் ஒற்றை ரூமில் குடியிருந்தோம். துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது என் கணவர் விழுந்து, கால் உடைந்து படுத்த படுக்கையாகிவிட்டார். வாடகை தேங்கிப்போனது. தினமும் கத்திக்கொண்டிருந்த ஹவுஸ் ஓனர், ஒருநாள் மதியம் மீட்டர் பெட்டியிலிருந்து எங்கள் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கரண்ட் போய்விட்டது.

"சாய்ங்காலம் வருவேன். சாமானையெல்லாம் தூக்கி ரோட்ல போட்டுடுவேன்."

"அவுருக்கு கால் ஒடஞ்சி கீதுண்ணே. எங்கண்ணே இட்டுகினு போவேன்?"

"அது ஒன் பேஜாரு."

எனக்கு வாய் ஜாஸ்தி. அந்த வாயை அன்றைக்கு ஆண்டவரிடம்தான் காட்டினேன். திருஇருதய ஆண்டவர் படத்தின் முன்னால் விழுந்து அழுதேன். "துட்டு கேக்கல ஆண்டவரே. அந்த ஆளு இந்த வாசப்படிய தாண்டக் கூடாது, அவ்ளோதான்" என்று சண்டை போடுகிற மாதிரியே கேட்டேன்.

பொழுது சாய்ந்தது. ஃபேன் ஓடாத ரூமில் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. என் கணவர் என்றுதான் நினைத்தேன். திரும்பினால், அவர் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது படத்தின் கீழே இருந்த சின்னச் சிவப்பு பல்பு எரிந்தது. சந்தோஷப்பட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைத்தான் பார்த்தேன்.

ஓனர் ஆட்களோடு வந்து வாசலில் நின்றார். பல்பைப் பார்த்தார். சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். பீஸ் கட்டை அங்கேதான் இருந்தது.

"திருட்டு கரண்ட் இழுத்துக்கினியா?"

"மாதா சத்தியமா இல்லண்ணே."

ஸ்விட்சை அணைத்துக் காட்டினேன். பல்பு அணையவில்லை. அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது.

"யாரும்மா அது, ஒன் பின்னால நிக்கிறது?"

என் பின்னால் வெறும் சுவர்தான்.

பீஸ் கட்டையை வாசலிலேயே வைத்தார். "கால் சரியானதும் குடும்மா" என்று முனகிவிட்டுப் போய்விட்டார்.

என் கணவர் கால் குணமானது. பாக்கியை முழுசாகக் கொடுத்துவிட்டோம். ஓனர் இன்றுவரை வெளியே நின்றுதான் வாடகை வாங்குகிறார். திருவிழாவுக்கு மட்டும் கோயிலுக்குப் போன நான், இப்போது ஒருநாள்கூட செபமாலை சொல்லாமல் தூங்குவதில்லை.

நீங்களும் கேளுங்கள். ஆண்டவர் நிச்சயம் வருவார். வரும்போது பயமாகத்தான் இருக்கும். எழுந்து ஓடிவிடாதீர்கள்.