என் படிகத்தில் இருந்த கால்சியம்

கனிம வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் விழுப்புரத்தில் எங்கள் உறவுக்காரர்கள் உரம் தயாரிக்கிறதா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உலோக உப்பையும் ஓர் அமிலத்தையும் தண்ணீரில் கரைத்து, பீக்கரின் வாயைத் தாளால் மூடி, ஊசியால் நாலு ஓட்டை குத்தி, படிகம் வளரும்வரை அதை ஆட்டாமல் அசைக்காமல் காத்திருப்பதுதான் என் வேலை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டு பகுதி நேரமாக அந்த ஆய்வைச் செய்தேன். காலை ரயிலில் தினமும் என்னோடு வந்தவள் ஓர் அக்கா. கிளியனூர்ப் பக்கம் இன்னொரு கல்லூரியில் அதே பாடம்; முனைவர் பட்டம் வாங்கியவள், நல்ல வேலைக்காக ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போதும் அதுதான் வருகிறது, பழக்க தோஷம். என் டிபன் பாக்ஸில் பாதி அவளுக்கு, அவள் வாங்கும் அவித்த மல்லாட்டையில், வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், பாதி எனக்கு.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு ஒரு புதிய படிகம் தேவைப்பட்டது. அது இல்லாமல் பட்டம் இல்லை, பட்டம் இல்லாமல் நிரந்தர வேலை இல்லை. மாதக்கணக்கில் பீக்கர் அடியில் வெறும் தூள்தான் படிந்தது. ஒரு திங்கட்கிழமை தாளை எடுத்துப் பார்த்தால், பட்டை தீட்டினாற்போல நீல நிறத்தில் நாலைந்து படிகங்கள்.

உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்ரே கருவி சென்னையில்தான் இருந்தது. அங்கே அக்காவுக்கு ஆள் தெரியும். தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னாள். இருந்ததை எல்லாம் ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தேன். கூடப் பிறந்தவள்போல் பழகியவளிடம் கையெழுத்தா வாங்குவார்கள்?

இரண்டு நாள் கழித்து முகம் தொங்கிப்போய் வந்தாள்.

"மடியிலயே வச்சிக்கினு போனேன்டி. பஸ்ஸு குலுக்கல்ல எல்லாம் தூளாப் பூடுச்சு. எனக்கே பேஜாரா இருக்குது."

அவள் கண் கலங்கியதைப் பார்த்து நான்தான் தேற்றினேன். போனால் போகட்டும் அக்கா, மறுபடி வளர்த்துக்கலாம் என்றேன்.

வளரவில்லை. அதே செம்பு உப்பு, அதே அமிலம், அதே அளவு. ஒரு வருஷம் போட்டுப் போட்டுப் பார்த்தும் தூள்தான். உனக்குக் கை சரியில்லை என்று என் நெறியாளரே சொல்லிவிட்டார். அக்கா மட்டும் தினமும் ரயில் ஏறியதும், வந்துச்சா என்று கேட்பாள். ஒருநாள் தன் கல்லூரியிலிருந்து இரண்டு முறை காய்ச்சி வடித்த தண்ணீரை ஐந்து லிட்டர் கேனில் சுமந்து வந்து கொடுத்தாள். சுத்தமான தண்ணீரில்தான் நல்லா வரும் என்றாள். இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

பிறகு ஒருநாள் இணையத்தில் எதையோ தேடப்போய் அந்தக் கட்டுரையைப் பார்த்தேன். அக்காவின் பெயர், கூடவே அந்த எக்ஸ்ரே கருவிக்காரர் பெயர், என் நீலப் படிகத்தின் படம். செம்போடு கால்சியமும் சேர்ந்த புதிய சேர்மம் என்றும், கால்சியம் உப்பைக் கலந்து தயாரித்ததாகவும் எழுதியிருந்தது. நான் கால்சியம் போடவே இல்லையே, அப்படியானால் இது வேறு யாருடையதோ என்று ஒரு நிமிடம் நிம்மதிகூடப் பட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. முதலில் படிகம் வந்த சமயம் எங்கள் துறையில் தண்ணீர் காய்ச்சி வடிக்கும் கருவி ரிப்பேர். கேனில் நிரப்பியது போர்வெல் தண்ணீர். துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் ஒருத்திதான் கேன்மேல் ‘காய்ச்சி வடித்த நீர்’ என்று எழுதியிருந்ததை நம்பினேன். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் இட்லிப் பானையே வெள்ளை பூத்துப்போகும், அவ்வளவு சுண்ணாம்பு. கருவியைச் சரிசெய்த பிறகு கால்சியம் நின்றது, படிகமும் நின்றது. அன்றைக்கே குழாயில் அந்தப் போர்த் தண்ணீரைப் பிடித்துக் கரைத்து வைத்தேன். சில நாளில் நீலமாக வந்து உட்கார்ந்தது.

படிகத்தைத் திருடியதைக்கூட மன்னித்துவிடுவேன். எக்ஸ்ரேயில் கால்சியத்தைப் பார்த்து எதில் வளரும் என்று தெரிந்துகொண்டே, எதில் வளராதோ அந்தத் தண்ணீரை எனக்காகச் சுமந்து வந்தாளே, அதை இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் ரயிலில் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"கால்சியம் நீயா போட்ட? அதுவா வந்து வுழுந்துச்சு. அது எப்படிடி உன்னுது ஆவும்?"

அடுத்த நாளிலிருந்து வேறு பெட்டியில் ஏறினாள். நிரூபிக்க என்ன வைத்திருக்கிறாய், முதலில் ஆய்வேட்டைக் கொடுக்கிற வழியைப் பார் என்றார் நெறியாளர். என் படிகம் இனிப் புதியது அல்ல. ஏற்கெனவே வெளியானதை ஒப்பிட்டு ஆராய்ந்ததாக அத்தியாயத்தை மாற்றி எழுதி, மேற்கோளில் அக்காவின் பெயரைப் போட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். அவளும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டே, "இந்தப் படிகத்தை அந்தக் கட்டுரை எழுதினவங்க முறையப் பார்த்துத்தானே வளர்த்தீங்க?" என்று கேட்டார்.

நெறியாளர் என்னையே பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட்டு, பட்டமும் இல்லாமல் எங்கே போய் நிற்பேன்?

"ஆமாங்க சார்" என்றேன்.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகத் தேர்வாளர் எழுந்து அறிவித்தார். முதலில் கைதட்டியது அக்காதான்.