முன் சீட்டுக்கு வராத பேஸ்

ரமீஸ் யாரையும் வாய்விட்டுத் திட்டியதில்லை. சிரிப்பான், அவ்வளவுதான். தஞ்சோங் பகார் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பிழையோடு வரும் மின்னஞ்சலைப் பார்த்துச் சிரிப்பான். கல்யாண வீட்டில் தப்பாக ஆங்கிலம் பேசுகிற மாமாவைப் பார்த்துச் சிரிப்பான். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பதால் அந்தச் சிரிப்பும் பட்டத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

அதிகம் சிரித்தது சுஹைப்பைப் பார்த்துத்தான். சுஹைப் பள்ளித் தோழன். லிட்டில் இந்தியாவில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவன். காரின் பின்னால் சப்வூஃபர் பெட்டியை வைத்து, ஆம்ப்ளிஃபயரில் கெய்ன் திருகைக் கடைசிவரை முறுக்கி, பெட்டியைக் கருக்கியவன்.

"கெய்ன்னா வால்யூம் இல்லடா மடையா. பிளேயர்லேர்ந்து வர்ற சிக்னலுக்கு ஆம்ப்ப ஒத்துப்போக வைக்கிறது. படிச்சிருந்தா தெரியும்" என்றான் ரமீஸ், நண்பர்கள் எல்லாரும் இருக்கும்போது. "என் காருக்கு நானே செட் பண்றேன். பட்டறைக்காரன் கையே படாது. வந்து கேட்டுப் பாருங்க."

வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு மாலை, புக்கிட் பாத்தோக்கில் அவன் குடியிருக்கும் ப்ளாக்கை ஒட்டிய கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில். சொதப்பினால், இத்தனை வருடம் சிரித்த சிரிப்பெல்லாம் அன்றைக்கே அவன் முகத்துக்குத் திரும்பி வரும்.

சனிக்கிழமை எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தான். கிராஸ்ஓவரை எண்பது ஹெர்ட்ஸில் வைத்தான். அதற்குக் கீழே உள்ள கனத்த ஒலி, அதாவது பேஸ், பெட்டிக்கு; மற்றதெல்லாம் கதவு ஸ்பீக்கருக்கு. கெய்னை மெல்ல ஏற்றி, ஒலி கரகரக்கத் தொடங்கியதும் சற்று இறக்கினான். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாட்டைப் போட்டான். தவில் வந்தது. தவிலுக்கு வயிறு மட்டும் இல்லை.

பின் சீட்டில் குழந்தையோடு இருந்த மனைவி ஜரீனா, "இங்க குடலே குலுங்குது. இன்னும் என்ன பண்றீங்க?" என்றாள்.

"உனக்குப் பின்னாடியே பெட்டி இருக்கு. குலுங்கத்தான் செய்யும்."

"அப்ப நீங்க இங்க வந்து உக்காந்து பாருங்களேன்."

"பின் சீட்ல உக்காந்து யாரு லா கார் ஓட்டுவா?"

இறங்கிப் போய்க் கெய்னைக் கொஞ்சம் ஏற்றினான். வந்து உட்கார்ந்தான். இல்லை. மறுபடி போய் ஏற்றினான். சுஹைப் செய்ததைத்தான் தானும் செய்கிறோமோ என்று ஒரு கணம் உறைத்தது. அவன் முறுக்கியது மடத்தனம், இது நுணுக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் நண்பர்கள் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். "ஷியோக் மச்சி! நெஞ்சுல இடிக்குது!" எதிர் ப்ளாக்கில் யாரோ சன்னலை ஓங்கிச் சாத்தினார்கள். ரமீஸுக்கு அதுவும் பாராட்டாகவே பட்டது.

சுஹைப் மட்டும் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தான்.

"ஊருக்கே கேக்குது, ஓனருக்குத்தான் கேக்கல. ட்ரம் எங்கடா போச்சு? ஆம்ப்ல ஒரு குட்டி சுவிட்ச் இருக்கு பாரு, அதப் புரட்டு. பெட்டி தள்ளுறப்ப கதவு ஸ்பீக்கர் இழுக்குதாம், ரெண்டும் முன்னாடி அடிச்சுக்கிட்டுச் சாகுதாம். அது தெரியாமத்தான் நானும் கெய்ன ஏத்தி ஏத்திக் கருக்குனேன்."

ரமீஸ் சிரித்தான். "கருக்குனவரு க்ளாஸ் எடுக்குறாரு, எல்லாரும் எழுதிக்குங்கப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். "உன் காது, உன் காரு" என்று சுஹைப் கையை விரித்தான்.

அவர்கள் போனதும் ரமீஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சுவிட்சைப் புரட்டினான். உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

வந்துவிட்டது. தவிலுக்கு வயிறு முளைத்து, அவன் மடியிலேயே உட்கார்ந்து அடித்தது. பாதிப் பாட்டு வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தான். இதைக் கேட்கத்தானே இவ்வளவும்? பிறகு, அடுத்த ஞாயிறும் எல்லாரும் வருவார்கள், சுஹைப் இதே இருக்கையில் உட்காருவான் என்பது நினைவுக்கு வந்தது. 'என்ன, புரட்டிட்டியா?' என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நான் படித்தது எதற்கு என்று ரமீஸ் தன்னையே கேட்டுக்கொண்டான். நல்ல கேள்விதான். பதில் வரும்வரை இருக்கவில்லை. இறங்கிப் போய்ச் சுவிட்சைப் பழையபடி திருப்பி வைத்தான்.

அன்று பொழுது சாய்ந்ததும் குடும்பத்தோடு சிராங்கூன் சாலைக்குப் போனான். சிவப்பு விளக்கில் கார் நின்றது. நடைபாதையில் தலைகள் திரும்பின. பின்னால் ஜரீனா குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டாள். முன்னால் பாடகரின் குரல் மட்டும் கொசு மாதிரி ரீங்கரித்தது.

"பாட்டு நல்லா கேக்குதா?" என்று கத்தினாள் ஜரீனா.

"சூப்பரா கேக்குது" என்றான் ரமீஸ். தாளம் எங்கே விழுகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. பின்னோக்கும் கண்ணாடி அதிர அதிர, அதைப் பார்த்துப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.