கசங்கிய டேப்பில் ஒரு 'அஷ்ஷா'

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். சின்ன ர, பெரிய ற எங்கே வரும் என்று இன்றும் தடுமாறுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிபாளையத்தில் டேப்ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இப்போது வருவதெல்லாம் செல்போன்தான். போன வருடம் ஓர் அம்மா அறுந்த கேசட்டோடு வந்தார். எங்கள் ஊரில் பிறந்தவர். சைபீரியாவில் கொஞ்சப் பேர் மட்டும் பேசுகிற செல்குப் என்ற மொழியைப் படிப்பதுதான் அவருடைய வேலை. இளவயதில் தொடங்கி, தலை நரைக்கும்வரை அங்கே போய்வந்திருக்கிறார்.

"பாட்டு கேசட்டுங்களா?" என்று குனிந்தபடியே கேட்டேன்.

"பேச்சுங்க தம்பி. மொதல் தடவை போனப்ப என்னை ஊட்டுல தங்க வச்ச அம்மா பேசுனது. மீன் புடிக்கப் போன மகனைப் பத்திச் சொன்னாங்க. அப்ப எனக்கு அந்த பாஷை தெரியாது. அடுத்த தடவை போறதுக்குள்ள அவங்க தவறிட்டாங்க. தொலைஞ்சுதுன்னு நெனச்ச கேசட், இப்பத்தான் எங்கண்ணன் ஊட்டுப் பரண்ல கெடைச்சுது. போட்டுக் கேட்டப்பத்தான் மகனைப் பத்தின பேச்சுன்னு புரிஞ்சுது, கடைசி வரி வர்றதுக்குள்ள மிசின் தின்னுருச்சு."

மகன் திரும்பி வந்தானா என்பது அந்த வரியில்தான் இருந்தது.

கேசட்டின் மேல்கூட்டைக் கழற்றினேன். அறுந்த இடம் சுருண்டு கசங்கியிருந்தது. பாட்டு கேசட் என்றால் கசங்கியதை வெட்டி வீசிவிட்டு ஒட்டிவிடுவோம், யாருக்கும் தெரியாது. பழக்கத்தில் பிளேடை எடுத்தேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"வெட்டிப்போடாதீங்க சாமி! நாம 'வரலை'ன்னு கடைசியிலதான் இல்லைங்கறோம். அவங்க மொதல்லயே தனியா, இல்லைங்கறதுக்கு 'அஷ்ஷா'ன்னு சொல்லிட்டு, அப்புறம் 'வந்தான்'ம்பாங்க. அந்தத் துண்டுல அது இருந்து நீங்க வெட்டிப்புட்டா, வராதவன் வந்துருவான்."

"அப்ப வெட்டிரலாமுங்களே," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "எனக்கும் ஆசைதானுங்க. மொதல்ல கேப்போம்."

கரண்டிக் காம்பால் நீவி, பின்பக்கம் ஒட்டி, ஓடவிட்டேன். அந்தச் சைபீரியக் கிழவியின் குரல் வந்தது. அப்புறம் 'ஷ்ஷ்' என்று ஒரு சத்தம். அப்புறம் கடைசிச் சொல்.

"அது 'அஷ்ஷா'ங்களா, டேப்பு கசங்குன சத்தமுங்களா?"

"அதேதானுங்க எனக்கும் தெரியலை."

கசங்கல் சத்தம் நீவ நீவக் குறையும், குரல் குறையாது என்று சொன்னேன். நீவினேன், ஓடவிட்டேன், மறுபடி நீவினேன். கரகரப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அதன் அடியிலிருந்து, மூச்சோடு சேர்ந்து, "அஷ்ஷா" என்று தெளிவாகக் கேட்டது.

"வரலைங்க," என்றார் அந்த அம்மா.

கேசட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஓர் இளம்பெண் உற்சாகமாக ஏதோ ஒரு சொல் சொன்னாள்.

"அது யாருங்க?"

"நாந்தானுங்க. 'நல்லாருக்குது'ன்னு சொல்றேன். அன்னிக்கு எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்."

அதன்பிறகு, பேச்சு கேசட் வந்தால் நான் பிளேடைத் தொடுவதில்லை.

ஆடி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை.