ஆறவிட்ட கொதிகலன்

என் அத்தானுக்கு ஆறிப்போனது எதுவும் ஆகாது. டீ கொஞ்சம் ஆறியிருந்தாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். நிலக்கரியில் ஓடும் மின் நிலையத்தில் கொதிகலன் பார்ப்பவர் வேறெப்படி இருப்பார்? அந்த மனுஷன்தான் போன கோடையில் ஒரு கொதிகலனையே ஆறவிட்டார். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி என்ன சொன்னாலும் அரைகுறைதான்.

புகைபோக்கியின் புகை நேராக எங்கள் குடியிருப்பின் மேல்தான் வரும். அக்காவுக்கு இளைப்பு. "அந்தப் புகை நிக்கிற வரைக்கும் இந்தப் பக்கமே இருக்காதீங்க" என்று டாக்டர் கறாராகச் சொன்னதும், நகரத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டாள். அத்தான் தனியாக உப்பில்லாமலும் உப்பு கரிக்கவும் சமைத்துச் சாப்பிட்டார்.

அணைகள் நிறைந்த வருஷம் நாட்டுக்குத் தண்ணீரிலிருந்தே மின்சாரம் கிடைக்கும்; எங்களுக்கு வேலை குறைவு. மழை பொய்த்தால் எரி எரி என்பார்கள்.

"மழை பேஞ்சா நம்ம நாடு யோக்கியம்டா. பேயலேன்னா கரிப்புகை விடுறதுல முன்னாடி நிப்போம்" என்பார் அத்தான். நிலக்கரிக் குவியலில் வேலை பார்க்கும் எனக்கும் அது நன்றாகத் தெரியும்.

புதுக் காற்றாலைகள் சுழல ஆரம்பித்ததும், நாட்டின் கரியமில வாயுவைக் குறைக்க எங்கள் நிலையத்தை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இன்ஜினியர் அம்மா மட்டும் தயங்கினார். "நிறுத்துவோம். ஆனா இந்தக் கோடை தாண்டுற வரைக்கும் சின்னதா தீ இருக்கட்டுங்க. முழுசா ஆறிட்டா, திரும்ப ஏத்த எண்ணெய எரிக்கணும். அது இதைவிட மோசம்."

"சின்னத் தீயா இருந்தாலும் புகை புகைதானேம்மா? நிறுத்துன்னா நிறுத்தணும்" என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார். மேலிடமும் அவர் பக்கமே தலையாட்டியது. தீயை அணைத்த கையோடு அக்காவுக்குப் போன் போட்டார். "நின்னுடுச்சு. கிளம்பி வா."

பிறகு வீட்டைக் கழுவினோம். சுவரிலிருந்து மை மாதிரி தண்ணீர் வழிந்தது. இத்தனை வருஷமாகக் கறுப்பாகிவிடுமே என்று அக்கா வாங்காமலே விட்ட மஞ்சள் திரைச்சீலையை அத்தான் வாங்கிவந்து ஜன்னலில் மாட்டினார். "என்ன அத்தான், புது மாப்பிள்ளை தோத்தார் போங்க" என்று கேலி பண்ணினேன். வெட்கப்பட்டாரே தவிர மறுக்கவில்லை.

அக்கா வருவதற்குள் வெயில் கொளுத்த ஆரம்பித்தது. இலைகூட அசையவில்லை, காற்றாலைகள் நின்றன. அணையில் இருந்த தண்ணீரைக் குடிப்பதற்கென்று நிறுத்திவைத்தார்கள். நகரத்தில் வீட்டுக்கு வீடு ஏசி. உடனே ஏற்றுங்கள் என்று எங்களுக்குத் தகவல் வந்தபோது கொதிகலன் கல் மாதிரி சில்லென்று இருந்தது.

இன்ஜினியர் அம்மா 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தானுக்கு அதுதான் தாங்கவில்லை. எண்ணெயைப் பற்றவைத்தார். எண்ணெய் எரியும்வரை புகை வடிகட்டியை ஓட்ட முடியாது. நான் அந்த நிலையத்தில் பார்த்ததிலேயே கறுப்பான புகை அன்றைக்குத்தான் வந்தது.

அக்காவின் பஸ்ஸும் அன்றைக்குத்தான் வந்தது.

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். நாங்கள் பேசுவதற்குள் இருமல் அவளை இரண்டாக மடக்கியது.

"நின்னுடுச்சுன்னு சொன்னீங்களே?"

"நின்னுச்சு. நீ வரணுமேன்னு நான்தான் அடியோட ஆறவிட்டேன். அதான் இப்போ இப்படி."

அக்கா புகையை அண்ணாந்து பார்த்தாள். "அங்க ராத்திரி பகலா ஏசி போட்டாத்தான் எனக்கு மூச்சே வருது."

"தெரியும். அதுக்குத்தான் இதை ஏத்தினோம்."

எனக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. வானத்தின்மேல் வந்தது. அந்த நகரத்து ஏசிகளின்மேல் வந்தது. பாவம், அதில் ஒன்று அக்காவுடையது.

டிரைவர் ஹாரன் அடித்தார். அதே பஸ் திரும்பிப் போகிறது. அத்தானே அவள் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்.

"மழை வந்ததும் கூப்பிடுங்க" என்றாள் ஜன்னல் வழியாக.

"கூப்பிடுறேன்."

பஸ் திருப்பத்தில் மறையும்வரை நின்றோம். வேலைக்குத் திரும்பும் வழியில் அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் திரைச்சீலையை அவ பார்க்கவே இல்லைடா" என்றார்.