அம்மாவின் கட்டைவிரலும் புது டிவியும்

எங்கள் வீட்டில் வீடியோ கேம் நன்றாக ஆடியவர் அம்மா. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானும் தம்பியும் அவரிடம் தோற்றே வளர்ந்தோம்.

அப்போது ஒரு கன்னட ஊரில், மண்டி மொஹல்லா என்ற பகுதியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அம்மா ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். ஒரு ஆயுதபூஜைக்குப் போனஸ் வந்த கையோடு அப்பா டிவி கேம் பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். மஞ்சள் கேசட்டைச் செருகினால் ஒரு குட்டி முயல் ஓடும். பள்ளம் வந்தால் பொத்தானை அழுத்திக் குதிக்கவைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். எங்கள் பழைய டிவியோ முதுகு புடைத்துப் பாதி மேசையை அடைத்துக்கொண்டிருக்கும். திரையருகே கையைக் கொண்டுபோனால் முடி சிலிர்க்கும்.

அம்மா முதலில் அதை அணைக்கத்தான் வந்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பியின் முயல் உடைந்த பாலத்திலிருந்து விழுந்தது.

"அய்யோ, இப்பவா அமுக்குவாங்க? குடு இங்க" என்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் ஒரு வாரமாகத் தாண்ட முடியாத பாலத்தை அவர் அன்றே தாண்டினார். கையைப் பார்க்கவே இல்லை.

"எப்படிம்மா?"

"பாக்காம அடிக்கிறதுதானேடி என் வேலை."

அதன்பிறகு ஆபீஸ் விட்டு வந்து, முகம் கழுவி, காபி குடித்ததும் அவருக்கு ஒரு ஆட்டம் வேண்டும். அரிசி குக்கரில் வேகும்போது இன்னொன்று. விசில் வந்தால் "ஏய், அடுப்ப அணைங்க" என்பார். கண் திரையை விட்டு நகராது. அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தால் டிபன் கேரியரைக் கையில் பிடித்தபடி வாசல் பக்கமே நிற்பார். அம்மா அந்தக் கட்டத்தை முடிக்கும்வரை பேச்சு கொடுக்கமாட்டார். முயல் வீடு சேர்ந்ததும், "ஆச்சா? சோறு போடலாமா?" என்று அப்பாவே தட்டு எடுத்து வைப்பார்.

நாங்கள் கல்லூரிக்குப் போனோம், வீடு மாறினோம், பெட்டி எங்கேயோ அடியில் போய்விட்டது. அப்பா இறந்தபின் அம்மா என்னோடு வந்துவிட்டார். நான் இப்போது இருப்பது அதே ஹெப்பாளில், ஒரு அடுக்குமாடி வீட்டில். வந்த நாளிலிருந்து அவருக்குத் தன் கைமேல் ஒரு சந்தேகம். டம்ளர் ஒன்று நழுவி விழுந்தது, அதையே பிடித்துக்கொண்டார். டாக்டர் சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். அம்மா நம்பவில்லை.

சென்ற தசரா விடுமுறைக்குச் சென்னையிலிருந்து தம்பி வந்தான். பரணில் கிடந்த பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, போர்வைக்குள் சுற்றி வைத்த டிவி கேம் கிடைத்தது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்களைப் புது டிவியின் பின்பக்கம் தேடித்தேடிச் சொருகினோம். சுவரில் பாதியை மறைக்கும் பெரிய டிவி. அதில் அந்த முயல் வந்து நின்றபோது நாங்கள் இருவரும் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பள்ளத்திலேயே முயல் விழுந்தது. சிரித்தார். மறுபடியும் விழுந்தது. மறுபடியும். சிரிப்பு நின்றுவிட்டது. கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சாகு, பிடு. கை போச்சு." போதும், விடு என்பதை அவர் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வார்.

தம்பி ஊருக்குப் போன பிறகு அம்மா இன்னும் சுருங்கினார். சட்டைக்குப் பட்டன் தைக்கச் சொன்னால் "கடைல குடுத்துடு" என்றார். சாம்பாரை நானே ஊற்றவேண்டும் என்றார். ஒரு விளையாட்டுத் தோல்வி ஒரு மனுஷியை இவ்வளவு குறைத்துவிடுமா என்று எனக்கு ஆச்சரியமாகவும் பயமாகவும் இருந்தது.

ஒரு ஞாயிறு மதியம், அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, நான் அதை எடுத்து ஆடிப்பார்த்தேன். எனக்கும் முதல் பள்ளம். திரும்பவும் அதே பள்ளம். எரிச்சலில் விரலையும் திரையையும் சேர்த்துக் கவனித்தேன். கட்டைவிரல் பொத்தானை அழுத்தி முடித்திருந்தது. முயல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் குதித்தது. பிறகு என்றால் ஒரு கண்சிமிட்டும் நேரம். பள்ளத்தில் விழ அது போதும்.

தம்பிக்கு ஃபோன் செய்தேன். "டேய், முயல் லேட்டா குதிக்குதுடா."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அக்கா, அது முயல் இல்ல, டிவி. அந்தப் பெட்டி குடுக்கிறது சின்னப் படம். இது அதைப் பெருசாக்கி, பாலிஷ் போட்டு, அப்புறமா காட்டுது. உள்ள முயல் எப்பவோ குதிச்சிருக்கும். நமக்குத்தான் லேட்டாத் தெரியுது. செட்டிங்ஸ்ல கேம் மோடுன்னு இருக்கும் பாரு, போடு."

தேடினேன். இருந்தது, ஆனால் மங்கிக் கிடந்தது, தொட்டால் நகரவில்லை. நான் இடையில் சேனலுக்கு மாற்றியிருந்தேன்; வயர் சொருகிய இணைப்பைத் திரையில் மறுபடி தேர்ந்தெடுத்த பிறகு போய்ப்பார்த்தால்தான் திறந்தது. கேம் மோடைப் போட்டேன். படத்தை வழுவழுப்பாக்கும் இன்னொன்றையும் அணைத்தேன். நிறம் வெளிறியது, முயலின் காது ரம்பப்பல் மாதிரி ஆனது. அழுத்தினேன். குதித்தது. அழுத்திய அதே நேரத்தில்.

அம்மா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். "அம்மா, உங்க கை இல்ல. டிவிதான் லேட்டாக் காட்டிச்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். "எனக்கு ஆறுதல் சொல்ல வேணாம்மா."

"சத்தியமா. வந்து பாருங்க."

"நான் ஆடமாட்டேன். நீ ஆடு, நான் பாக்கறேன்."

என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் கேம் மோடை அணைத்துவிட்டு அழுத்தச் சொன்னார். பிறகு போட்டுவிட்டு அழுத்தச் சொன்னார். மறுபடி அணை, மறுபடி போடு. என் விரலையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். நீதிமன்றத்துக்குப் போகும் காகிதத்தில் பிழை தேடும் அந்தப் பழைய முகம். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அதைப் பார்த்தேன்.

"ஹௌது கணே" என்றார் கன்னடத்தில். பிறகு தமிழில், "ஆமாடி. மெஷின்ல எழுத்தை அடிச்சா அப்பவே பேப்பர்ல விழணும். அது யோசிச்சுட்டு விழுந்தா எவளால அடிக்க முடியும்?"

கையை நீட்டினார். கொடுத்தேன்.

முதல் பள்ளம் தாண்டியது. இரண்டாவதும். அம்மா மூச்சுவிடும் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. உடைந்த பாலம் வந்தது, முயல் பலகைக்குப் பலகை தாவி அக்கரை சேர்ந்தது. நான் கைதட்டினேன். அவர் "சும்மா இரு" என்றார். அதற்கடுத்த முள்வேலியில் முயல் விழுந்தது.

பதறிப்போய், "டிவியாத்தான் இருக்கும்மா" என்றேன்.

"இல்ல, இது நான்தான். சீக்கிரம் அமுக்கிட்டேன்" என்றார் அம்மா. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கும்போதே சிரித்தார். "அங்க எப்பவுமே எனக்கு அவசரம்தான். உங்கப்பா பசியோட நிப்பாருல்ல."

அப்பா பெயர் வந்தாலே நாங்கள் இருவரும் பேச்சை மாற்றிவிடுவது வழக்கம். அன்று மாற்றவில்லை. அவர் டிபன் கேரியரோடு நின்றதை, நின்றபடியே அம்மாவின் முயலுக்காகக் கழுத்தை அப்படியும் இப்படியும் சாய்த்ததை, வெளிச்சம் போய் அறை இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அம்மா விளக்கைப் போட்டுவிட்டு, முள்வேலியை இன்னொரு தரம் பார்த்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தார்.